முத்தமிட்டால் உப்புக் கரிக்கிறதா? சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் பற்றிப் பெற்றோருக்கு ஒரு பாடம்



மருத்துவ உதவி கேட்டு நம் அறக்கட்டளைக்கு வரும் மனுக்களில் பெரும்பாலானவை பெரியவர்களுக்கானவை. டயாலிசிஸ், இருதய அறுவை, புற்றுநோய் என்று வரும். கைக்குழந்தைக்காக வரும் மனு குறைவு. ஆனால் அப்படி வரும் குடும்பத்தின் பையைப் பிரித்தால், மருந்துச் சீட்டுகள் பெரும்பாலும் ஒரே கதையைத்தான் சொல்கின்றன. சளி, பிறகு நிமோனியா, மறுபடி சளி, 'பிரைமரி காம்ப்ளெக்ஸ்' என்று ஆறு மாத மருந்து, மறுபடி நிமோனியா. நடுவில் நாலைந்து டாக்டர்கள், இரண்டு மூன்று ஊர்கள், அடகுக்குப் போன நகை.

இந்தக் குழந்தைகளில் பலருக்கு இருப்பது சாதாரணமாகச் சரியாகக்கூடிய நோய்தான். சிலருக்கு மட்டும் அடியில் ஒரு அரிய நோய் ஒளிந்திருக்கும். குறைமாதத்தில் பிறந்து வெகுநாள் ஆக்சிஜனில் இருந்த பிள்ளைக்கு வரும் நுரையீரல் பழுது, நுரையீரலின் சன்னமான சவ்வுகளையே தாக்கும் நோய்கள், பிறவியிலேயே எதிர்ப்புச் சக்தி குறைவது எனப் பல உண்டு. அவற்றுள் ஒன்றை இந்த இதழில் பாடமாக எடுத்துக்கொள்கிறோம். அதன் பெயர் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ். இதைத் தேர்ந்தெடுக்கக் காரணம், வீட்டில் தாய் கவனிக்கக்கூடிய அடையாளங்கள் இதற்கு உண்டு. உறுதி செய்யும் முதல் பரிசோதனையும் எளியது. பெயர் தெரியாமல் போனால் பிள்ளையை வெகு சீக்கிரம் இழக்க நேரிடலாம்.

நோய் என்ன?

நம் உடம்பின் பல பாகங்களில் உள்ளே ஒரு ஈரப்படலம் இருக்கிறது. மூச்சுக்குழாயில் அந்தப் படலம் தூசியையும் கிருமியையும் பிடித்து வெளியே தள்ளும். அது தண்ணீர் போல நெகிழ்வாக இருக்க, செல்களின் வாசலில் உப்பும் நீரும் சரியான அளவில் போய்வர வேண்டும். அந்த வாசலைக் காக்கும் புரதத்துக்கு சி.எஃப்.டி.ஆர். என்று பெயர். அதை உருவாக்கும் மரபணுவில் பழுது இருந்தால் வாசல் அடைபடுகிறது. நீர் குறைந்து சளி பசை போல இறுகிவிடுகிறது.

இறுகிய சளி நுரையீரலில் தேங்கும். அதில் கிருமி குடியேறும். ஒரு நிமோனியா தீர்வதற்குள் அடுத்தது வரும். மூச்சுக்குழாய்கள் மெல்ல மெல்லச் சிதைந்து விரிந்துவிடும்.

இதே இறுக்கம் கணையத்திலும் நடக்கிறது. உண்ட கொழுப்பைச் செரிக்க வைக்கும் நீர் குடலுக்கு வந்து சேராது. குழந்தை பசியோடு நன்றாகப் பால் குடிக்கும், ஆனால் எடை ஏறாது. மலம் அதிகமாக, எண்ணெய்ப் பிசுக்கோடு, சகிக்க முடியாத நாற்றத்தோடு போகும்.

வியர்வைச் சுரப்பியில் நடப்பது வேறு விதம். வியர்வை தோலுக்கு வரும் வழியில் அதிலுள்ள உப்பை உடம்பு திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். இந்நோயில் அது முடியாது. எனவே வியர்வையோடு உப்பு வெளியேறிக்கொண்டே இருக்கும். குழந்தையின் நெற்றியில் முத்தமிட்டால் உதட்டில் உப்புக் கரிக்கும். பேரப்பிள்ளைகளை வாஞ்சையோடு முத்தமிட்டவர்கள் நம் நபி (ஸல்) அவர்கள். அந்த சுன்னத்தைச் செய்யும் தாய்க்கே இந்த அடையாளம் முதலில் தெரிய வருகிறது.

உலகம் இதை அறிந்த வரலாறு

இந்நோயைத் தனி நோயாகப் பிரித்து எழுதியவர் அமெரிக்காவின் டோரதி ஆண்டர்சன் என்ற பெண் மருத்துவர். ஆண்டு 1938. அக்காலத்தில் இந்தப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும் வயதைக்கூட எட்டுவது அரிது. 1948இல் நியூயார்க் நகரில் கடும் வெயில் அடித்தபோது, மயங்கி விழுந்து மருத்துவமனைக்கு வந்த குழந்தைகளில் இந்நோய் உள்ளவர்கள் பலர் இருப்பதை மருத்துவர்கள் கவனித்தார்கள். அதிலிருந்து நூல் பிடித்துப் போன டி சான்ட் அக்னீஸ் என்ற மருத்துவர், 1953இல் வியர்வையில் உப்பு மிகுதி என்பதை நிறுவினார். 1959இல் கிப்சன், குக் இருவரும் இன்றும் பயன்படும் வியர்வைப் பரிசோதனையை உருவாக்கினார்கள். 1989இல் பழுதான மரபணு ஏழாவது குரோமோசோமில் கண்டறியப்பட்டது.

நம் நாட்டில் வெகுகாலம் இது 'வெள்ளைக்காரர் நோய்' என்றே எண்ணப்பட்டது. ஐரோப்பிய வம்சத்தாரில் ஏறத்தாழ மூவாயிரம் பிறப்புக்கு ஒன்று என்ற அளவில் இருப்பதும், நம்மிடம் அதைவிட அரிதாக இருப்பதும் அதற்குக் காரணம். பிற்பாடு டெல்லி எய்ம்ஸ் குழந்தைகள் நலப் பிரிவும், நம் மாநிலத்தில் வேலூர் சி.எம்.சி.யும் இந்தப் பிள்ளைகளைத் தொடர்ந்து கண்டறிந்து பராமரித்து வருகின்றன. நம் பிள்ளைகளிடம் காணப்படும் மரபணுப் பழுதுகள் ஐரோப்பியரிடம் இருப்பவற்றிலிருந்து பெரிதும் வேறுபடுகின்றன. ஐரோப்பியரிடம் மிகப் பரவலான ஒரு பழுது நம்மவர்களில் பாதிப் பேரிடம்கூட இல்லை. ஆகவே வெளிநாட்டுப் பட்டியலை வைத்துச் செய்யும் சுருக்கமான மரபணுச் சோதனையில் 'ஒன்றுமில்லை' என்று வந்தாலும், நம் பிள்ளைக்கு நோய் இல்லை என்று முடிவு கட்டிவிட முடியாது.

நம் ஊர் வெயிலில் இதன் தனி ஆபத்து

ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் கத்திரி வெயில் எப்படி என்று சொல்ல வேண்டியதில்லை. மேற்கே மலை இருந்தாலும் ஓட்டு வீட்டுக்குள்ளும் தகரக் கூரைக்குள்ளும் பச்சிளம் குழந்தை வியர்வையில் நனைந்து கிடக்கும். மற்றப் பிள்ளைக்கு அது வெறும் புழுக்கம். இந்நோய் உள்ள பிள்ளைக்கோ சில நாட்களுக்குள் உடம்பின் உப்பு வற்றிவிடும். வாந்தி, சோர்வு, பால் குடிக்காமல் துவண்டு போதல், சிறுநீர் குறைதல் என்று ஆரம்பித்து உயிருக்கே ஆபத்தாகலாம். இரத்தப் பரிசோதனையில் சோடியம், குளோரைடு, பொட்டாசியம் எல்லாம் குறைந்திருக்கும். இந்தியாவில் பல கைக்குழந்தைகளிடம் இந்நோய் முதன்முதலாக வெளிப்படுவதே இப்படித்தான்.

வயிற்றுப்போக்கே இல்லாமல் வெயில் காலத்தில் குழந்தை திரும்பத் திரும்ப இப்படி வற்றிப் போனால், குளுக்கோஸ் ஏற்றி அனுப்பியதோடு விடாமல், "ஏன் இப்படி ஆகிறது?" என்று டாக்டரிடம் கேட்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. இதைப் படித்துவிட்டு யாரும் தாமாகக் கைக்குழந்தைக்கு உப்புக் கரைத்துக் கொடுக்கக் கூடாது. நோய் உறுதியான பிள்ளைக்கு மருத்துவர் எடையைப் பார்த்து அளந்து சொல்லும் உப்புதான் மருந்து. மற்றப் பிள்ளைக்கு அதே உப்பு விஷமாகிவிடும்.

தாய்மார் கவனிக்க வேண்டிய அடையாளங்கள்

ஒரு அடையாளத்தை மட்டும் கண்டு பயப்பட வேண்டாம். இரண்டு மூன்று சேர்ந்திருந்தால் குழந்தை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

• பிறந்த குழந்தைக்கு முதல் கருமலம் போகாமல் வயிறு உப்பி, குடல் அடைப்பு ஏற்பட்டிருத்தல்.
• ஒரு மாதத்துக்கு மேல் விடாத இருமல், அல்லது முதல் ஆண்டுக்குள்ளேயே இரண்டு மூன்று முறை நிமோனியா.
• நன்றாகக் குடித்தும் எடை ஏறாமை.
• எண்ணெய்ப் பிசுக்கும் கடும் நாற்றமும் உள்ள மலம், அல்லது ஆசனவாய் வெளியே தள்ளுதல்.
• முத்தமிட்டால் உப்புச் சுவை, அல்லது வியர்வை காய்ந்த இடத்தில் வெள்ளையாக உப்புப் பூத்திருத்தல்.
• முன்பு பிறந்த பிள்ளை ஒன்று இதேபோல் சளியிலோ மெலிவிலோ இறந்திருத்தல்.

கடைசியாகச் சொன்னதை டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். மனவேதனை காரணமாக நம் குடும்பங்கள் அதை மறைத்துவிடுகின்றன. இன்றைய பிள்ளையைக் காப்பாற்றும் தகவல் அதில் இருக்கலாம்.

இருமலும் மெலிவும் சேர்ந்திருப்பதால் இந்நோயைக் காசநோய் என்று எண்ணி மருந்து தொடங்குவதும் உண்டு. காசநோய் நம் நாட்டில் பரவலானது, அந்தச் சந்தேகம் நியாயமானதே. ஆனால் மருந்தைத் தொடங்குமுன் கிருமி இருக்கிறதா என்று பரிசோதித்து உறுதி செய்யும்படி கேளுங்கள். முழுக் காலம் மருந்து கொடுத்தும் பிள்ளை தேறவில்லை என்றால், வேறு நோயா என்று பார்க்கச் சொல்லுங்கள். நடுவில் தாமாக மருந்தை நிறுத்துவது மட்டும் கூடவே கூடாது.

வியர்வைப் பரிசோதனை

இதில் ஊசி இல்லை. குழந்தையின் கையில் ஒரு மருந்து தடவிய சிறு தகட்டை வைத்து, மிக மெல்லிய மின்னோட்டத்தைச் சில நிமிடம் செலுத்துவார்கள். அந்த இடத்தில் வியர்வை சுரக்கும். அதை அரைமணி நேரம் சேகரித்துக் குளோரைடு அளவைப் பார்ப்பார்கள். லிட்டருக்கு 60 மில்லிமோல் அல்லது அதற்கு மேல் என்றால் நோய் இருக்க வாய்ப்பு மிக அதிகம். 30க்குக் கீழ் என்றால் பெரும்பாலும் இல்லை. இடைப்பட்டால் மீண்டும் செய்து, மரபணுவையும் பார்க்க வேண்டும். மேல் நாடுகள் பலவற்றில் பிறந்த எல்லாக் குழந்தைகளுக்கும் குதிகால் இரத்தத்துளியில் இந்நோயைத் தேடுகிறார்கள். நம் நாட்டில் அப்படிப் பொதுவான ஏற்பாடு இல்லாததால் பெற்றோரின் கவனமே முதல் பரிசோதனை.

பழி யாருக்கு?

இந்த இடத்தை ஆண்களும் மாமியார்களும் சற்று நிதானமாகப் படிக்க வேண்டும்.

ஒவ்வொரு மரபணுவும் நம்மிடம் இரண்டு பிரதிகளாக உள்ளது, தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று. ஒரு பிரதி பழுதாக இருந்தாலும் மற்றொன்று வேலையைப் பார்த்துவிடும். அவருக்கு இந்த நோய் வராது. தன்னிடம் பழுது இருப்பதே அவருக்குத் தெரியாது. இருவரிடமிருந்தும் பழுதான பிரதியே பிள்ளைக்கு வந்து சேர்ந்தால்தான் நோய். அப்படிப்பட்ட தம்பதிக்கு ஒவ்வொரு கர்ப்பத்திலும் நோயுள்ள பிள்ளை பிறக்கும் வாய்ப்பு நான்கில் ஒன்று. முதல் பிள்ளைக்கு வந்துவிட்டது, இனி மூன்று பிள்ளைக்கு வராது என்பது தவறான கணக்கு. ஒவ்வொரு முறையும் அதே நான்கில் ஒன்றுதான்.

ஆக, நோய் வர அத்தாவின் பங்கும் அம்மாவின் பங்கும் சரிபாதி. "இவள் வயிறு சரியில்லை", "இவள் வந்த ராசி" என்று மருமகளை ஏசுவதும், பிறந்த வீட்டுக்கு அனுப்புவதும், மகனுக்கு மறுமணம் பேசுவதும் மருத்துவத்திலும் பொய், மார்க்கத்திலும் அநியாயம். நோயுற்ற பிள்ளையை மடியில் வைத்திருக்கும் பெண்ணின் கண்ணீருக்கு அல்லாஹ்விடம் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

சொந்தத்தில் நிக்காஹ்

தமிழ்நாட்டில் இரத்த உறவுக்குள் திருமணம் எல்லாச் சமூகங்களிலும் வழக்கம். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் இம்மாநிலத்துப் பெண்களில் நூற்றுக்கு 28 பேர் அளவில் இரத்த உறவுக்குள் மணம் முடித்தவர்களாக இருந்தார்கள். தாய்மாமனை மணப்பது நமக்கு ஹராம். மாமன் மகள், அத்தை மகன் உறவுகளில் நிக்காஹ் ஹலால். அதை யாரும் ஹராமாக்க முடியாது.

ஆனால் ஹலால் என்பது அனுமதி, கட்டாயம் அல்ல. பாட்டனார் ஒருவரிடம் இருந்த ஒரே பழுது, மகன் வழியாக ஒரு பேரனுக்கும் மகள் வழியாக ஒரு பேத்திக்கும் இறங்கியிருக்கலாம். அவ்விருவரும் மணந்தால் பழுதுகள் ஒரே பிள்ளையிடம் சந்திக்கும் வாய்ப்பு, வெளியில் மணப்பதைவிட அதிகம். தலைமுறை தலைமுறையாக அதே குடும்பங்களுக்குள் பெண் கொடுத்துப் பெண் எடுத்தால் இன்னும் அதிகம். சொந்தத்தில் மணந்தவர்களின் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோர் நலமாகவே பிறக்கிறார்கள். எனவே பயமுறுத்துவது நம் நோக்கமல்ல. குடும்பத்தில் ஒரு பிள்ளைக்கு இந்நோய் உறுதியாகியிருந்தால், அல்லது காரணம் தெரியாமல் குழந்தைகள் இறந்திருந்தால், அந்த வட்டத்துக்குள் அடுத்த சம்பந்தம் பேசுமுன் மரபணு ஆலோசனை பெறுங்கள் என்பதே வேண்டுகோள். சொத்து வெளியே போய்விடும் என்ற கணக்கைவிட இது பெரிய கணக்கு.

நோயுள்ள பிள்ளையின் பழுதான மரபணு எது என்று ஒருமுறை தெரிந்துவிட்டால், அடுத்த கர்ப்பத்தில் ஏறத்தாழ 11 முதல் 13 வாரத்துக்குள் கருவிலேயே அறிய முடியும். அதன்பின் என்ன செய்வது என்பதில் மார்க்கத்தின் வரம்பும் நாள் கணக்கும் உண்டு. ஆகவே கருத்தரிக்கும் முன்பே மருத்துவரையும் நம்பிக்கையான ஆலிமையும் கலந்துகொள்ளுங்கள்.

சிகிச்சையும் ஒரு மார்க்கக் கேள்வியும்

சிகிச்சையின் பெரும்பகுதி வீட்டில் நடப்பது. தினமும் உப்பு நீர் ஆவி மருந்து கொடுத்து, பிறகு பிசியோதெரபி நிபுணர் கற்றுக்கொடுத்த முறையில் நெஞ்சையும் முதுகையும் தட்டிச் சளியை இளக்க வேண்டும். காலையும் மாலையும், பிள்ளை நன்றாக இருக்கும் நாளிலும் விடக் கூடாது. கிருமி வந்தால் உரிய ஆன்டிபயாட்டிக். ஏ, டி, ஈ, கே வைட்டமின்கள். மற்றப் பிள்ளைகளைவிட அதிகச் சத்தும் கொழுப்பும் உள்ள சாப்பாடு. நெய், முட்டை, வளர்ந்த பிள்ளை என்றால் நம்மூர்ப் பால்கோவாகூட இவர்களுக்கு விலக்கல்ல. ஆனால் அவை செரிக்க, ஒவ்வொரு சாப்பாட்டோடும் கணைய நொதி மாத்திரை வேண்டும்.

கேள்வி எழுவது அந்த மாத்திரையில்தான். கடைகளில் கிடைக்கும் கணைய நொதிக் காப்ஸ்யூல்கள் பொதுவாகப் பன்றியின் கணையத்திலிருந்து எடுக்கப்படுபவை. இதை அறிந்ததும் பதறி, மருந்தை நிறுத்திவிடும் பெற்றோர் இருக்கலாம். நிறுத்தாதீர்கள். உயிர் காக்க வேறு வழி இல்லாத நிர்ப்பந்தத்தில், வரம்பு மீறாமல், தேவையான அளவு மட்டும் தடுக்கப்பட்டதும் அனுமதியாகிறது என்பது நம் ஃபிக்ஹின் நன்கறிந்த விதி. அதற்கு இணையான ஹலாலான மருந்து இருக்கிறதா என்று முதலில் மருத்துவரிடம் கேளுங்கள். இல்லை என்றால் அந்த நிலைமையை விளக்கி ஆலிமிடம் தெளிவு பெறுங்கள். கேட்டு வரும் வரையிலும் ஒரு வேளை மருந்தும் தவற வேண்டாம். பிள்ளையைப் பட்டினியில் விடுவது பேணுதல் ஆகாது.

ஓதிப் பார்ப்பதும் துஆவும் நமக்கு உண்டு. நோய்க்கு மருத்துவம் செய்துகொள்ளச் சொன்னவர்களும் நம் நபி (ஸல்) அவர்களே. இரண்டும் ஒன்றுக்கொன்று தடையல்ல. கண்ணூறு, சீர் தட்டியது என்று தாவீஸோடு மாதக் கணக்கில் காத்திருப்பதுதான் தவறு.

வீட்டில் நிறுத்த வேண்டிய மூன்று பழக்கங்கள்

இவை இந்நோயை உண்டாக்குவதில்லை. ஆனால் எந்தக் குழந்தையின் நுரையீரலுக்கும் கேடு, பழுதுள்ள நுரையீரலுக்கு இரட்டைக் கேடு.

ஒன்று, குளிப்பாட்டும்போது மூக்கிலும் வாயிலும் எண்ணெய் விடுவது. அந்த எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கி, எளிதில் ஆறாத ஒருவகை நிமோனியாவை உண்டாக்கும். இரண்டு, தலை காய வைக்கக் குழந்தையைச் சாம்பிராணிப் புகையில் காட்டுவது. துணியால் துவட்டினால் போதும். மூன்று, வீட்டுக்குள் பீடி, சிகரெட். மில்லிலும், சத்திரப்பட்டிப் பக்கம் பேண்டேஜ் தறியிலும் வேலை பார்த்து வருபவர்கள் பஞ்சுத் தூசி படிந்த சட்டையை மாற்றிக் கை கால் கழுவிய பிறகே பிள்ளையைத் தூக்குங்கள்.

எங்கே போவது? செலவுக்கு என்ன வழி?

முதலில் நம் ஊர் அரசு மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவு. அங்கிருந்து விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரிக்கோ மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனைக்கோ எழுதி வாங்கலாம். அரிய நோய்களுக்கென மத்திய அரசு அங்கீகரித்த உயர்சிறப்பு மையங்களில் சென்னை எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனையும், திருவனந்தபுரம் எஸ்.ஏ.டி. மருத்துவமனையும் உள்ளன. பொதிகையில் இரவு ஏறினால் காலையில் சென்னை. செங்கோட்டை, புனலூர் வழியாகக் கேரளமும் நமக்குப் பக்கம்தான்.

2021ஆம் ஆண்டின் தேசிய அரிய நோய்க் கொள்கையில் இந்நோயின் சளியை இளக்கும் டி.என்.ஏஸ் மருந்து இடம்பெற்றுள்ளது. 2022இல் வந்த மாற்றத்தின்படி இத்தகைய மையங்கள் வழியாக ஒரு நோயாளிக்கு 50 லட்சம் ரூபாய் வரை உதவி கிடைக்க வழியுண்டு. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்கள் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டையைத் தயாராக வைத்திருக்க வேண்டும். பிள்ளை பிறந்ததும் அட்டையில் பெயர் சேர்ப்பதை மறக்காதீர்கள்.

பழுதான வாசலையே ஓரளவு சரிசெய்யும் மருந்து ஒன்று 2019இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. பெயர் டிரைகாஃப்டா. எல்லா வகைப் பழுதுக்கும் அது பயன்படாது. பயன்படுகிறவர்களுக்குப் பெரிய மாற்றம் தந்திருக்கிறது. ஆனால் வெளியானபோது அதன் விலை ஆண்டுக்கு மூன்று லட்சம் டாலருக்கு மேல், நம் பணத்தில் இரண்டு கோடியைத் தாண்டும். 2023இல் இந்தியா உள்ளிட்ட நான்கு நாடுகளின் நோயாளிக் குடும்பங்கள், காப்புரிமையைத் தளர்த்தி மலிவான மருந்துக்கு வழிவிடக் கோரிச் சட்டப்படி முறையிட்டன. அர்ஜென்டினாவில் உள்ளூர் நிறுவனமே மாற்று மருந்து செய்கிறது. இன்றைக்கு எட்டாத மருந்து நாளை எட்டக்கூடும். அதுவரை பிள்ளையின் நுரையீரலைக் கெடாமல் வைத்திருப்பது, மேலே சொன்ன தினசரிப் பராமரிப்புத்தான்.

வசதியுள்ள சகோதரர்களுக்கு ஒரு வார்த்தை. இந்நோய் ஒரே முறை பணம் கட்டித் தீர்வதல்ல. மாதாமாதம் நொதி மாத்திரை, ஆவி மருந்து, போக்குவரத்து. கையிருப்பு கரைந்து கடனில் நிற்கும் குடும்பம் ஜகாத் பெறத் தகுதியானதா என்பதை ஆலிம்கள் முடிவு செய்வார்கள். ஸதக்காவுக்கு அந்தக் கேள்வியே இல்லை. ரமலானில் ஒரு பெரிய தொகை தருவதைவிட, ஒரு பிள்ளையின் ஒரு மருந்தை ஆண்டு முழுவதும் ஏற்றுக்கொள்வது இவ்வகை நோய்க்கு அதிகம் உதவும்.

மேலே கண்ட அடையாளங்கள் உள்ள பிள்ளையின் பெற்றோர், எல்லா மருந்துச் சீட்டுகளையும், எக்ஸ்ரேக்களையும், எடை எழுதிய தடுப்பூசி அட்டையையும் தேதி வரிசையாக அடுக்கி அலுவலகத்துக்குக் கொண்டு வாருங்கள். யாரைப் பார்க்க வேண்டும், எந்தக் காகிதம் வேண்டும் என்று சேர்ந்து பார்ப்போம், இன்ஷா அல்லாஹ். அலுவலகம் வரத் தயங்கும் தாய்மார்கள், பெண்கள் மதரஸா உஸ்தாதிடம் சொல்லி அனுப்பினாலும் போதும்.

நம் குழந்தைகள் அனைவருக்கும் அல்லாஹ் பூரண ஷிஃபாவைத் தருவானாக. நோயுற்ற பிள்ளைகளைப் பெற்றவர்களுக்குப் பொறுமையையும், அவர்களைச் சூழ்ந்திருப்பவர்களுக்கு இரக்கத்தையும் தருவானாக. ஆமீன்.

– செயலாளர்